தள நிலையம் கட்டுப்படுத்தியோடு இணையவில்லை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையோரத்திலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களிலும் கோபுரங்களின் அடியில் பல ஆண்டுகள் நின்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்த தம்பிமாரும் தங்கைமாரும் இரவு பத்து மணிக்கு அழைத்துக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வயல் நடுவே கைப்பேசி வெளிச்சத்தில் வாசிக்க உதவும்.

“இணையவில்லை” என்றால் எது எதோடு இணையவில்லை?

இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் கோபுரத்தடியில் இருக்கும் பெட்டி தள நிலையம், பேச்சில் பி.ரி.எஸ். அது சொந்தப் புத்தியில் எதுவும் செய்வதில்லை. எந்த அலைவரிசையில் ஒலிபரப்புவது, எவ்வளவு வலுவில், எந்தக் கைப்பேசிக்கு எந்த டைம்ஸ்லாட் (நேரத்துண்டு) என்பதையெல்லாம் தொலைவில் உள்ள கட்டுப்படுத்தி, அதாவது பி.எஸ்.சி., சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையிலான இடைமுகத்தின் பெயர் ஏபிஸ்.

அந்த ஒரே வழியில் இரண்டு வகை உரையாடல் நடக்கிறது. ஓ.எம்.எல். என்பது பராமரிப்புக்கானது: மென்பொருளை ஏற்றுவது, அமைவுகளைக் கொடுப்பது, எச்சரிக்கைகளை வாங்குவது. ஆர்.எஸ்.எல். அழைப்புகளுக்கான சமிக்ஞை, நிலையத்தில் எத்தனை ட்ரான்சீவர் (அலையை அனுப்பிப் பெறும் அலகு) உண்டோ அத்தனை ஆர்.எஸ்.எல். முதலில் ஓ.எம்.எல். எழ வேண்டும். அதன் பிறகுதான் மற்றது.

எனவே “இணைப்பு இல்லை” என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எந்தப் படியில் நின்றுவிட்டது? மின்சாரம், கம்பி அல்லது அலை, ஈ1 (டிஜிட்டல் தொலைபேசி வழி) சட்டகம் அல்லது ஐ.பி. பாதை, சமிக்ஞை இணைப்பு, அடையாள எண், கடைசியில் அமைவுகள். கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பாருங்கள். நடுப்படியில் தொடங்கியவர்கள் விடியும்வரை அங்கேயே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

போனவுடன் ஒரு தடவை ரீசெட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். என்னிடம் வேலை பழகியவர்களோடு நான் கோபித்துக்கொண்ட நாட்களில் பாதி இதற்காகத்தான். பிழை எண்ணிக்கைகள், எந்த எச்சரிக்கை எத்தனை மணிக்கு எழுந்தது என்ற வரிசை, எந்த விளக்கு எப்படிச் சிமிட்டியது என்ற நிலை, மூன்றும் ரீசெட்டோடு போய்விடக்கூடும். தற்செயலாக நிலையம் எழுந்துவிட்டால் அது இன்னும் மோசம்: காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போவீர்கள், வியாழக்கிழமை மறுபடி வருவீர்கள். பழைய வகைப் பெட்டி மென்பொருளைக் கட்டுப்படுத்தியிடமிருந்து 64 கிலோபிட் ஓ.எம்.எல். வழியே இறக்க வேண்டியிருந்தால், அது முடிவதற்குள் ஒரு தேநீர் குடித்து, இரண்டாவதும் குடித்துவிடலாம்.

முதலில் விளக்குகளைப் படம் எடுங்கள். மடிக்கணினியைப் பொருத்தி எச்சரிக்கைப் பதிவை இறக்குங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுங்கள்.

நிலையத்தில் மின்சாரம் இருக்கிறதே, ஏன் மீட்டர்?

நிலையத்தில் மின்சாரம் இருப்பது வேறு, கட்டுப்படுத்திவரை சைகையைக் கொண்டுபோகும் பாதைக் கருவிக்கு மின்சாரம் இருப்பது வேறு. நம் நிலையங்கள் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகின்றன. நேர்முனை நிலத்தோடு இணைந்திருப்பதால் மீட்டரில் எதிர்க்குறி காட்டும். மின்சார சபையின் மின்சாரம் இருக்கும்போது 54 வோல்ட் அளவில் நிற்கும். அது போனால் பற்றரி மெல்ல இறங்கி, 43 வோல்ட் அருகே தாழ்மின்னழுத்தத் துண்டிப்பான் வெட்டிவிடும். இந்த வெட்டு பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். நிறைய மின்சாரம் குடிக்கும் ரேடியோப் பகுதி முதலில். மைக்ரோவேவ் போன்ற பாதைக் கருவி கடைசியில், ஏனெனில் அதன் வழியே அடுத்த ஊரின் போக்குவரத்தும் போகிறது.

படுவான்கரையில் ஒரு நிலையம் நள்ளிரவுக்குப் பின் கட்டுப்படுத்தியை இழந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்க்கும்போதெல்லாம் பெட்டி நன்றாகவே ஓடியது. மைக்ரோவேவின் பிரேக்கரை யாரோ முதலில் வெட்டும் கூட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். இரவில் மின்தடை வந்ததும் பாதை செத்தது, பெட்டி உயிரோடு இருந்தது. பிரேக்கரை இடம் மாற்ற இருபது நிமிடம் போதும். அதைக் கண்டுபிடிக்க நான்கு பயணம் ஆனது.

ஈ1 விளக்கு பச்சை. ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஆனாலும் ஓ.எம்.எல். எழவில்லை. எப்படி?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கதையைச் சொன்னால் விளங்கும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு நிலையம். ஈ1 பச்சை, சட்டக ஒழுங்கு சரி, பிழை எண்ணிக்கை பூச்சியம். மடிக்கணினியில் பார்த்தால் லாப்-டி மட்டத்தில், அதாவது சமிக்ஞை இணைப்பைக் கட்டும் படியில், நிலையம் எஸ்.ஏ.பி.எம்.ஈ. என்ற அழைப்பை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. “கேட்டேன்” என்று வர வேண்டிய யூ.ஏ. பதில் வரவே இல்லை. கட்டுப்படுத்திப் பக்கத்தில் அமைவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு மணிநேரம் போனது. காவலுக்கு இருந்த ஐயா கதவோரம் நின்று சொன்னார்: “தம்பி, நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர் வந்து ஏதோ சோதித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இப்படி இருக்கிறது.”

இணைப்புத் தட்டைக் கழற்றினேன். வயர்களை இணைக்கும் க்ரோன் கட்டையில் ஒரு விரல் நீளத்தில் நீல வயர்த் துண்டு. அனுப்பும் சோடியையும் பெறும் சோடியையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. லூப். சோதனைக்காகப் போட்டவர்கள் எடுக்க மறந்துவிட்டார்கள். நிலையம் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, எதிரில் யாரோ இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. தன் சட்டகமே சுத்தமாகத் திரும்பி வருவதால் ஈ1 மட்டத்தில் குறை எதுவும் தெரியாது. பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

லூப் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: உங்கள் அனுப்பும் வயரை ஒரு கணம் கழற்றுங்கள். பாதை நல்லதென்றால் எதிர்முனைதான் உங்களை இழக்கும், அது அனுப்பும் சைகை உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அனுப்புவதைக் கழற்றியதும் பெறுவதும் சேர்ந்து விழுந்தால், நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

லூப் இல்லை, ஆனாலும் பதில் வரவில்லை என்றால் சமிக்ஞை எந்த டைம்ஸ்லாட்டில் போகிறது, ரி.ஈ.ஐ. எண், அதாவது அந்தச் சமிக்ஞை இணைப்பின் முகவரி, இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஈ1இல் 32 டைம்ஸ்லாட் உண்டு, ஒவ்வொன்றும் 64 கிலோபிட், பூச்சியமாவது சட்டகத்துக்கு. ஒரு பக்கம் முதலாவதில் பேசி மறுபக்கம் பதினாறாவதில் காத்திருந்தாலும் விளக்கு பச்சையாகவே இருக்கும்.

சிவப்பு விளக்கில் எத்தனை வகை?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். எல்.ஓ.எஸ். என்றால் உங்கள் காதுக்கு ஒன்றுமே வரவில்லை. கம்பி அல்லது பக்கத்துக் கருவி. ஏ.ஐ.எஸ். என்றால் இடையில் உள்ள ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, அதற்கு அப்பால்தான் உடைந்திருக்கிறது. அந்தக் கருவி வெறும் ஒன்றுகளை அனுப்பி அதைச் சொல்கிறது. ஆர்.ஏ.ஐ. என்றால் நீங்கள் எதிர்முனையைக் கேட்கிறீர்கள், எதிர்முனை உங்களைக் கேட்கவில்லை. உங்கள் அனுப்பும் பக்கத்தைப் பாருங்கள். ஏ.ஐ.எஸ். எரியும்போது நிலையத்தின் அட்டையைக் கழற்றி மாற்றுபவர்களை நான் என்ன சொல்ல?

கேபிள் புதிது, ஆனாலும் வேலை செய்யவில்லை.

புதிது என்பதற்காக நம்பாதீர்கள். ஈ1 கோஅக்சியலில் 75 ஓம், முறுக்கிய சோடியில் 120 ஓம். இரண்டையும் சேர்க்க நடுவே பாலன் என்ற சிறு மாற்றி வேண்டும். ஆர்.ஜே.45 முனை வடிவத்தில் ஈதர்நெட் போலவே தோன்றினாலும் ஈ1 பயன்படுத்துவது 1, 2 மற்றும் 4, 5 ஊசிகளை. கடையில் வாங்கும் ஈதர்நெட் கிராஸ் கேபிள் 1ஐ 3க்கும் 2ஐ 6க்கும் மாற்றுகிறது; ஈ1க்கு அது உதவாது. 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் நீங்களே கிரிம்ப் செய்ய வேண்டும்.

மாரியில் இணைப்பு விழுகிறது. மழைதான் காரணம் என்று எழுதிவிடலாமா?

மழை என்று எழுதினால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அதனால்தான் அந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம்.

உயர்ந்த அலைவரிசையில் மழை உண்மையாகவே அலையைக் குடிக்கும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 23 கிகாஹெர்ட்ஸ் பாதையில் கிலோமீட்டருக்குச் சுமார் 6 டெசிபல் போய்விடும். 7 கிகாஹெர்ட்ஸில் அதில் பத்தில் ஒரு பங்களவுதான். எனவே குறுகிய 23 கிகாஹெர்ட்ஸ் பாதை நவம்பரிலிருந்து சனவரி வரை அடைமழையில் விழுந்து மழை விட்டதும் எழுந்தால் அது மழைதான். மழை விட்டு மூன்று மணிநேரம் கழித்தும் அளவு தாழ்ந்தே இருந்தால், இணைப்பியிலோ அலைவழிக் குழாயிலோ நீர் இறங்கிவிட்டது. வெயில் காய்ந்ததும் தானாகச் சரியாகும், அடுத்த மழைக்கு மறுபடி விழும். காற்றுக்குப் பிறகு விழுந்து ஒரே அளவில் கீழேயே நின்றுவிட்டால் டிஷ் திரும்பியிருக்கிறது. மூன்றுக்கும் வேலை வேறு: ஒன்றுக்குத் திட்டமிடல் பிரிவுக்கு எழுத வேண்டும், ஒன்றுக்குச் சீல் நாடா வேண்டும், ஒன்றுக்கு ஆள் ஏற வேண்டும்.

மழையே இல்லை. மாலையில் மட்டும் விழுகிறது. வாவிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நம் மாவட்டத்தில் வேலை செய்பவர் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

வாவி கரையோரமாக நீளவாக்கில் கிடக்கிறது. அதன் மேலாகப் போகும் மைக்ரோவேவ் பாதையில் நேரே வரும் அலையோடு நீரில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வரும். இரண்டும் ஒத்த நிலையில் வந்தால் நல்லது. எதிர் நிலையில் வந்தால் ஒன்றையொன்று தின்னும். 20 கிலோமீட்டர் பாதை, இரு பக்கமும் டிஷ் நீருக்கு மேல் 40 மீட்டர் என்று வையுங்கள். பூமியின் வளைவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் தெறித்த அலை 16 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. இப்போது வாவி 1 மீட்டர் ஏறட்டும்: அந்த வித்தியாசம் 8 மில்லிமீட்டர் குறைகிறது. 7 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு அலைநீளம் நகர்ந்துவிட்டது. கோடையில் அளந்து சரி பார்த்த பாதை, வெள்ளத்தில் வாவி நிரம்பியதும் வேறு பாதை. முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விட்டதும் மறுபடி வேறு.

கச்சான் காலத்தில் கதை இன்னொன்று. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த வெப்பக் காற்று ஈரமான நீர்ப்பரப்புக்கு மேல் படியும்போது, கொஞ்ச உயரத்துக்குள்ளேயே ஈரப்பதம் சட்டென்று மாறுகிறது. அலை நேரே போகாமல் வளைகிறது. ஒரு நிலையத்தில் காவலுக்கு இருந்த ஐயா, “கச்சான் அடங்கி வாவி கண்ணாடிபோலக் கிடக்கும் பின்னேரங்களில்தான் சிவப்பு விளக்கு எரிகிறது” என்றார். நான் இரண்டு வாரத்துப் பதிவை எடுத்து ஒப்பிட்டேன். அவர் சொன்னது நாளுக்கு நாள் பொருந்தியது. பிறகு அங்கே வேறொரு உயரத்தில் இரண்டாவது டிஷ் போட்டார்கள். ஒன்றில் அலை தேயும் நேரத்தில் மற்றதில் நிற்கும்.

ஐ.பி. வழி இணைப்பு. பிங் போகிறது, ஆனால் நிலையம் எழவில்லை.

பிங் போவது வழி இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி. ஐ.பி.ஏ. முறையில் பேசும் நிலையங்களில், அதாவது நானோ-பி.ரி.எஸ்., ஓஸ்மோ-பி.ரி.எஸ். போன்றவற்றில், அழைப்பை எடுப்பது நிலையம், கட்டுப்படுத்தி காத்திருக்கிறது. ஓ.எம்.எல். ரி.சி.பி. 3002ஆம் போர்ட்டுக்கு, ஆர்.எஸ்.எல். 3003க்கு. நடுவில் உள்ள ஃபயர்வோல் பிங்கை விட்டு 3002ஐ அடைத்திருக்கலாம். ரி.சி.பி.யின் முதல் பொட்டலம் போய்ப் பதிலே இல்லையென்றால் அடைப்பு. உடனே மறுப்பு வந்தால் எதிர்முனை இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்கும் நிரல் ஓடவில்லை.

ரி.சி.பி. இணைந்து, அடுத்த நொடியே அறுகிறது என்றால் நான் அடையாள எண்ணைத்தான் பார்ப்பேன். இணைந்தவுடன் கட்டுப்படுத்தி “நீ யார்” என்று கேட்கும். நிலையம் தன் யூனிட் எண்ணைச் சொல்லும்: 1801/0/0 என்பதுபோல மூன்று பகுதி, தளம், நிலையம், ட்ரான்சீவர். கட்டுப்படுத்தியின் அமைவில் அந்த எண் இல்லையென்றால் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுத் துண்டித்துவிடும். 1801ஐ 1810 என்று எழுதிவிட்டு ஆன்டெனாவரை மாற்றிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நானேதான்.

பழுதான பெட்டிக்கு மாற்றாகக் களஞ்சியத்திலிருந்து எடுத்த பெட்டி, வேறொரு ஊரின் எண்ணைச் சுமந்துகொண்டு வந்திருக்கவும் கூடும். அப்போது ஒரே எண்ணில் இரண்டு நிலையம்: ஒன்று எழ மற்றது விழும், அல்லது இரண்டாவது எழவே எழாது. அந்த ஊர்க்காரர்கள் தங்களிடம்தான் பழுது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பாவம்.

பெட்டியின் ஐ.பி. முகவரியே தெரியாவிட்டால், அதே சுவிட்ச்சில் மடிக்கணினியைப் பொருத்தி ஏபிஸ்-ஐ.பி. பெட்டிகளைத் தேடும் சிறு நிரலை ஓட்டுங்கள். யூ.டி.பி. 3006இல் பரவலாகக் கூப்பிட்டு, பதில் சொல்லும் பெட்டிகளின் முகவரியையும் யூனிட் எண்ணையும் காட்டும்.

ஓ.எம்.எல். எழுந்துவிட்டது. ஆர்.எஸ்.எல். மட்டும் வரவில்லை.

ஐ.பி. வழியில், ஆர்.எஸ்.எல்.ஐ எந்த முகவரிக்குக் கட்ட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தியே ஓ.எம்.எல். மூலம் சொல்கிறது. கட்டுப்படுத்தி முகவரி மாற்றும் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், வெளியே எட்ட முடியாத உள்முகவரியைச் சொல்லிவிடும். நிலையம் சொன்ன பேச்சைக் கேட்டு அந்த இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். 3003ஐத் திறக்க மறந்திருப்பது இன்னொரு காரணம். ஈ1 வழியில், அந்த ட்ரான்சீவருக்குரிய ரி.ஈ.ஐ. எண்ணையும் டைம்ஸ்லாட்டையும் பாருங்கள்.

எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. எங்கே தேடுவது?

விழும் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான இடைவெளியில் விழுந்தால் எனக்குக் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம். ஈ1இன் இரு முனையும் “நானே தலைவன்” என்று சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் சட்டகங்கள் நழுவும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே 125 வினாடிக்கு ஒரு நழுவல். ஒரு பக்கம் தலைவன், மறுபக்கம் பின்தொடர்பவன் என்று அமையுங்கள்.

கடிகாரம் சமிக்ஞை இணைப்பை மட்டும் கெடுப்பதில்லை. ஜி.எஸ்.எம். நிலையத்தின் அலைவரிசை பத்து லட்சத்தில் 0.05 பங்குக்குள் இருக்க வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸில் அது 45 ஹெர்ட்ஸ். ஐ.பி. வழி வந்த பிறகு ஈ1 கொடுத்த இலவசக் கடிகாரம் போய்விட்டது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவோ, வலையமைப்பு வழியே நேரத்தை அனுப்பும் 1588 முறையோ அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

நான்காம் தலைமுறையில் கட்டுப்படுத்தியே இல்லையே?

இல்லை. அங்கே தள நிலையத்தின் பெயர் ஈ-நோட்-பி, அது நேரே மையத்தில் உள்ள எம்.எம்.ஈ. என்ற கருவியோடு பேசுகிறது; இடைமுகம் எஸ்1. அது ஓடுவது ரி.சி.பி.யிலும் இல்லை, யூ.டி.பி.யிலும் இல்லை, எஸ்.சி.ரி.பி. என்ற வேறொரு நெறிமுறையில், போர்ட் 36412. ஐந்தாம் தலைமுறையில் 38412. ஃபயர்வோலில் “எல்லாப் போர்ட்டும் திறந்தாயிற்று” என்று சொல்பவர் பெரும்பாலும் ரி.சி.பி.யையும் யூ.டி.பி.யையும் மட்டுமே திறந்திருப்பார்.

எஸ்.சி.ரி.பி. எழுந்த பின் நிலையம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்: நாட்டு எண், வலையமைப்பு எண், பகுதி எண். இலங்கைக்கு நாட்டு எண் 413. மையத்துக்குத் தெரியாத வலையமைப்பு எண் வந்தால் காரணத்தைச் சொல்லியே மறுக்கும். அந்தக் காரணத்தை வாசியுங்கள். பொட்டலத்தைப் பிடித்துப் பார்த்தால் ஒரே வரியில் இருக்கும்.

நீண்ட மின்தடைக்குப் பின் ஐ.பி.செக் சுரங்கம் (மையம்வரை போகும் மறைகுறியிட்ட வழி) மட்டும் எழவில்லை.

பெட்டியின் திகதியைப் பாருங்கள். உள்ளே உள்ள சிறு பற்றரி செத்திருந்தால் அது 1970ஆம் ஆண்டில் விழித்தெழும். அந்த ஆண்டில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பாதுகாப்பு வாசல் மறுக்கும். நேரத்தைத் திருத்தும் சேவையகமோ சுரங்கத்துக்கு உள்ளே இருக்கிறது. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. மடிக்கணினியில் கையால் நேரத்தைத் திருத்துங்கள், சுரங்கம் எழும்.

திகதி சரியென்றால் பொட்டலத்தின் பருமனைப் பாருங்கள். சான்றிதழைச் சுமக்கும் பொட்டலம் பெரிது, வழியில் துண்டாகும், சில ரவுட்டர்கள் துண்டுகளை எறிந்துவிடும். துண்டாக்காதே என்ற கொடியோடு 1472 பைட் பிங் போகிறதா என்று பாருங்கள். தலைப்புகளோடு அது சரியாக 1500.

பழுது நம்முடையதா, கட்டுப்படுத்தியுடையதா?

பக்கத்து நிலையங்கள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் உங்கள் பக்கம். ஒரே பாதையில் தொங்கும் நான்கு நிலையம் ஒரே நிமிடத்தில் விழுந்தால் நடுக்கண்ணி. மாகாணமே விழுந்தால் வீட்டுக்குப் போய்ப் படுங்கள், அது உங்கள் வேலை இல்லை.

கொழும்புக் கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது என்ன சொல்ல வேண்டும்?

மூன்று மொழியும் கலந்து பேசும் அழைப்பு அது, இரைச்சலுக்கு நடுவே. எனவே எண்களைச் சொல்லுங்கள், கருத்துகளைப் பிறகு சொல்லலாம். முக்கியமாக ஆர்.எஸ்.எல். என்ற சொல்லில் கவனம். தள நிலையக்காரருக்கு அது சமிக்ஞை இணைப்பு. மைக்ரோவேவ்காரருக்கு அதே மூன்று எழுத்தும் பெறப்படும் அலையின் அளவு. “ஆர்.எஸ்.எல். எவ்வளவு?” “ஆர்.எஸ்.எல். இல்லை.” “இல்லையென்றால் டிஷ் திரும்பியிருக்கும், ஆளை ஏற்று.” இப்படிப் பேசி, குறையே இல்லாத டிஷ்ஷைத் திருப்பி, இரண்டாவது பழுதையும் உண்டாக்கினார்கள்.

பெட்டிக்குள் எறும்பும் குளவியும்?

இருக்கும். கதவைத் திறக்குமுன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கரையோர நிலையங்களில் உப்பு இன்னும் பொல்லாதது: இணைப்பியின் உள்ளே பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

நாங்கள் பல்கலைக்கழக மாணவர்கள். சிறு நிலையமும் திறந்த மூல மென்பொருளும் வைத்து இதைப் பழகலாமா?

வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பழகலாம். ஓஸ்மோகாம் மென்பொருளில் நிலையமும் கட்டுப்படுத்தியும் ஒரே மடிக்கணினியில் ஓடும். யூனிட் எண்ணை வேண்டுமென்றே பிழையாக எழுதிப் பதிவில் என்ன வருகிறது என்று பாருங்கள். ஆனால் ஆன்டெனாவில் ஒலிபரப்பத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை வலுக்குறைப்பான் வழியே கேபிளிலேயே கைப்பேசியைக் கட்டுங்கள், நாட்டு எண்ணாகவும் வலையமைப்பு எண்ணாகவும் சோதனைக்குரிய 001, 01 எண்களையே போடுங்கள். பக்கத்து விடுதிக்காரரின் கைப்பேசி உங்கள் நிலையத்தில் பதிவானால் அது விளையாட்டு இல்லை.

எப்போது கோபுரத்தில் ஏறக் கூடாது?

இடி கேட்டால். கச்சான் கடுமையாக வீசினால். தனியாக இருந்தால். ஒலிபரப்பை அணைத்ததற்கு உறுதி கிடைக்காவிட்டால். மேலாளர் எத்தனை தடவை அழைத்தாலும் சரி. படுவான்கரை உள்வழிகளில் இருட்டிய பின் யானை நடமாட்டம் இருக்கிறது என்று ஊரார் சொன்னால், கோபுரம்வரை போவதும் காலையில்தான்.

திரும்பும்போது வேறு ஏதாவது?

போட்ட லூப்பை எடுத்தீர்களா என்று பாருங்கள். மாற்றிய கேபிளில் திகதியோடு பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். காவலுக்கு இருப்பவரிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனாவும் கொடுத்து, சிவப்பு விளக்கு எரியும் நேரத்தையும் அப்போது மழையா, காற்றா, மின்தடையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை மடிக்கணினியைத் திறக்குமுன் நான் அந்தக் கொப்பியைத்தான் கேட்டு வாங்குவேன்.